ஆடிப் பார்த்தீங்களா, அண்ணா?

விடுதி என்று ஒன்று இருந்தால் அங்கே நான்கு விஷயங்களைப் பற்றி எல்லோருக்கும் அபிப்பிராயம் இருக்கும். மெஸ் சாம்பார், கிரிக்கெட், அரியர் விழுந்த காரணம், அப்புறம் யாராவது ஒருத்தனுடைய லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் கேம். முதல் மூன்றைப் பற்றி இந்த மலரில் வேறு யாராவது கட்டாயம் எழுதியிருப்பார்கள். ஆகவே நான் நான்காவதை எடுத்துக்கொண்டேன். இதில் நான் சொன்ன பொய் ஒன்றும் வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுவதாக ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நண்பர்கள் பெயரைப் போடவில்லை. மூன்று பேருமே என்னைவிட உடம்பில் பெரியவர்கள்!

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

1991-இல் அமெரிக்காவில் மைக்ரோபுரோஸ் என்ற நிறுவனம் 'சிவிலைசேஷன்' என்று ஒரு கேமை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் சிட் மையர், புரூஸ் ஷெல்லி. ஆட்டம் கி.மு. 4000-இல் ஆரம்பிக்கும். உங்கள் கையில் குடியேறிகள் கொஞ்சம் பேர், சுற்றிலும் ஒரே இருட்டு. ஊர் அமைக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். சாலை போட வேண்டும். எழுத்து, வெண்கலம், சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும். பக்கத்து நாட்டுக்காரன் சும்மா இருக்க மாட்டான். எல்லோரையும் அடித்து வீழ்த்தினாலும் ஜெயம். ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரத்துக்கு முதலில் விண்கலம் அனுப்பிச் சேர்த்தாலும் ஜெயம்.

இதில் கைவேகம் தேவையில்லை. நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டம் மாதிரிதான். நம் காயை நகர்த்திவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படி ஒரு முறை ஆடுவதற்குப் பெயர் 'டர்ன்'. இன்னும் ஒரே ஒரு டர்ன், இன்னும் ஒரே ஒரு டர்ன் என்று விடியற்காலை வரை உட்காரவைக்கும் ஆட்டம் என்று உலகம் பூராவும் இதற்குப் பெயர்.

1995-இல் டென்மார்க் நாட்டில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள், இதேபோன்ற ஆட்டத்தை நெட்வொர்க்கில் பலர் சேர்ந்து ஆடும்படி எழுத ஆரம்பித்தார்கள். 1996 ஜனவரியில் முதல் வடிவம் வந்தது. அதுதான் 'ஃப்ரீசிவ்'. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். எழுதிய மொழி 'சி'. நாம் ஒரு செமஸ்டர் படித்து அடுத்த செமஸ்டரில் மறக்கிறோமே, அதே சி! மாணவர்கள் ஆரம்பித்த வேலை முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நிற்காமல் ஓடுகிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எங்கள் அறையில் ஓடியது இந்த ஃப்ரீசிவ்தான். ஒருத்தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும், லேப்டாப்புகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். எங்கள் கஷ்டம் என்னவென்றால், ஆள் நான்கு, லேப்டாப் மூன்று. அதில் ஒன்று, என் அண்ணன் ப்ளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே உயிரை விட்டுவிடும்.

நான்கு டிபார்ட்மென்ட், நான்கு அபிப்பிராயம்

சிவில்காரனைப் பொறுத்தவரை இந்த ஆட்டமே சர்வே வேலைதான். "ஊர் வைக்கிற எடம் சரியா அமைஞ்சா பாதி ஜெயிச்ச மாதிரிடா" என்பான். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் குன்று, கொஞ்ச தூரத்தில் கடல் இருந்தால்தான் கொடி நடுவான். புல்வெளி சோறு போடும், குன்று உற்பத்தி கொடுக்கும், பக்கத்தில் தண்ணீர் இல்லாத நிலத்துக்குப் பாசனம் செய்ய முடியாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மனுஷன் இடம் தேடி முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று ஊர் கட்டியிருப்பார்கள்.

மெக்கானிக்கல்காரனுக்குப் பட்டறையும் படையும் மட்டும் போதும். கவண் பொறி நான்கு செய்து முடித்தால் அன்று இரவே யார் மேலாவது போர் தொடுத்தாக வேண்டும். சுற்றுச்சுவர் கட்டு, கோயில் கட்டு என்று சொன்னால், "அதெல்லாம் சிவில் வேலை" என்பான்.

இ.இ.ஈ.காரன் வரிப்பணத்தை எல்லாம் அறிவியலில் போடுவான். ஃப்ரீசிவ்வில் ஆராய்ச்சியை அளப்பது எதில் தெரியுமா? பல்பில்! இந்த டர்ன் இத்தனை பல்ப் என்றுதான் கணக்கு. "பாத்தியா, ஆட்டமே எங்க டிபார்ட்மென்ட்டுக்குன்னு எழுதினது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

நான் எலக்ட்ரானிக்ஸ். லேப்டாப் பஞ்சத்தால் எனக்குக் கிடைத்தது மந்திரி பதவி. அதாவது மெக்கானிக்கல்காரன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "டேய், அங்க போகாதே", "மாப்ள, இப்ப குடியாட்சிக்கு மாறு" என்று யோசனை சொல்வது. ஆடும் நேரம் மிச்சம் ஆனதால், நான் போனில் இந்த ஆட்டத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பாகத்தில் என்ன மாற்றம், எது உயர்ந்தது, எது மட்டம் என்று நுனிநாக்கில் வைத்திருப்பேன். கொஞ்ச நாளில் விடுதி முழுக்க, "சிவிலைசேஷனா? அவனைக் கேளு, கரைச்சுக் குடிச்சவன்" என்று பெயர் வந்துவிட்டது. முழுசாக ஒரு ஆட்டம்கூட ஆடாதவனுக்கு! அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆடாத ஆட்டத்துக்கு ஒரு சண்டை

இந்த வரிசையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கட்சி உண்டு. 2005-இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரே கட்டத்தில் எத்தனை படை வேண்டுமானாலும் அடுக்கலாம். 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் கட்டங்கள் அறுகோணமாயின, ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம். 'அதுதான் நிஜமான போர்முறை' என்று ஒரு கட்சி, 'தெருவில் லாரி மாட்டிக்கொண்ட மாதிரி படை நகரவே மாட்டேன் என்கிறது' என்று இன்னொரு கட்சி. 2016-இல் வந்த ஆறாம் பாகம் ஊரைப் பல கட்டங்களில் பிரித்துக் கட்டச் சொன்னது. சிவில்காரன் அதைக் கேள்விப்பட்டதிலிருந்து கனவிலேயே இருக்கிறான்.

2025 பிப்ரவரியில் ஏழாம் பாகம் வந்தது. ஆட்டத்தை மூன்று யுகமாகப் பிரித்து, யுகம் மாறும்போது நீங்கள் ஆளும் நாட்டையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். அதன் நடு யுகத்தில் சோழர்கள் இருக்கிறார்கள், தஞ்சைப் பெரிய கோயில் ஓர் உலக அதிசயமாக இருக்கிறது. கேட்க வேண்டுமா! அன்று ராத்திரி எங்கள் அறையில் பெரிய பட்டிமன்றம். "ராஜராஜன் கட்டின கோயிலு, 1010-லிருந்து நிக்குது, இப்பத்தான் இவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று சிவில்காரன். "சோழனா ஆரம்பிச்சு சோழனா முடிக்க முடியலைன்னா அது என்னடா சிவிலைசேஷன்?" என்று மெக்கானிக்கல்காரன். "யுகம் மாறுனா ஆட்சி மாறத்தானே செய்யும்? சரித்திரமே அதுதானே?" என்று இ.இ.ஈ. நான் நடுவில் நின்று, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போனிலிருந்து தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்தேன். குரல் உயர்ந்து, பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டி, கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் வந்து, "தம்பிங்களா, மணி பன்னெண்டரை" என்றார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எங்கள் நான்கு பேரில் ஒருத்தன்கூட ஏழாம் பாகத்தை ஆடியதில்லை. வாங்கப் பணமும் கிடையாது, ஓட்டக்கூடிய லேப்டாப்பும் கிடையாது. இரண்டு மணி நேரம் தொண்டை கிழியச் சண்டை போட்டது முழுக்க அடுத்தவன் அபிப்பிராயத்தை வைத்துத்தான். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை.

செமினார்

ஐந்தாம் செமஸ்டரில் எங்கள் துறை மன்றக் கூட்டத்தில் இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு செமினார் கொடுக்க வேண்டும். இன்டெர்னல் மார்க் உண்டு. சிறந்த செமினாருக்குப் பரிசும் உண்டு. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'எட்டு பிட்டும் ஓர் அணுகுண்டும்'.

விஷயம் இதுதான். சிவிலைசேஷன் முதல் பாகத்தில் ஒவ்வொரு நாட்டுத் தலைவருக்கும் சண்டைக் குணம் இவ்வளவு என்று ஓர் எண் உண்டாம். இந்தியாவின் தலைவர் காந்தி. அவருக்கு மிகக் குறைவாக 1. ஒரு நாடு குடியாட்சிக்கு மாறினால் அந்த எண்ணிலிருந்து 2 குறையுமாம். ஒன்றில் இரண்டு போனால் மைனஸ் ஒன்று. ஆனால் எட்டு பிட்டில், குறி இல்லாமல் எழுதினால், மைனஸுக்கு இடமே இல்லை. 0-க்குக் கீழே போனால் சுற்றிக்கொண்டு 255-இல் போய் நிற்கும். ஆக, அகிம்சாமூர்த்தி காந்தி உலகத்திலேயே பெரிய சண்டைக்காரர் ஆகி எல்லோர் தலையிலும் அணுகுண்டு போடுகிறாராம்!

எவ்வளவு அழகான கதை! நம் மைக்ரோகன்ட்ரோலர் லேபுக்கென்றே செய்த மாதிரி. 8051 கிட்டில் அக்குமுலேட்டரில் 01 போட்டு 02-ஐக் கழித்தால் எஃப்.எஃப். வரும், கேரி ஒன்றாகும். எஃப்.எஃப். என்றால் 255. போர்டில் எழுதிக் காட்டினேன். காந்தி படத்துக்குப் பக்கத்தில் அணுகுண்டு படம் போட்டேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! எச்.ஓ.டி. சாரே சிரித்தார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று சார் கேட்டார். வழக்கமாக யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அன்று பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தது. நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்த ஜூனியர். மெதுவான குரலில், "அண்ணா, இதை நீங்க ஆடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டது.

கிண்டல் இல்லை, மடக்குகிற கேள்வியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. நான், "இல்லைம்மா, படிச்சதுதான்" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. "ஆமாம்மா, ரெண்டு தடவை பாத்திருக்கேன்" என்றேன்.

கவனியுங்கள், இரண்டு தடவை! ஒரு தடவை என்றால் நம்பமாட்டார்களோ என்று இரண்டாக்கினேன். ரெக்கார்டு எழுதும்போது ஜீனர் டையோடுக்கு ரீடிங் எல்லாம் 5.1 என்றே போட்டால் சார் பிடித்துவிடுவார் என்று நடுவில் ஒரு 5.0, ஒரு 5.2 போடுவோமே, அதே வித்தை. மூன்று வருஷத்தில் நன்றாகத்தான் கற்றிருக்கிறேன்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு உட்கார்ந்தது. எனக்குச் சிறந்த செமினார் என்று ஒரு பேனா கொடுத்தார்கள்.

கணக்கு சரி, கதை?

அந்தப் பெண் எழுதிக்கொண்டதுதான் என்னை உறுத்தியது. நாளைக்கு வேறு எங்காவது, 'சீனியர் அண்ணா இரண்டு தடவை பார்த்திருக்கிறார்' என்று சொல்லுமே! அன்று இரவு, முதல் தடவையாக, அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். செமினாருக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

நண்பர்களே, அந்தக் கதை பொய். சிட் மையர் 2020-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதியபோது, அப்படி ஒரு பிழை அந்த ஆட்டத்தில் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார். அணுகுண்டு கைக்கு வந்துவிட்டால் அந்த ஆட்டத்தில் எல்லாத் தலைவர்களும்தான் மிரட்டுவார்கள். அதே மிரட்டல் காந்தி வாயிலிருந்து வந்தபோது ஆடியவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. கதைக்குக் காரணம் பிற்பாடு யாரோ கட்டியது. இன்னும் வேடிக்கை, 2010-இல் ஐந்தாம் பாகம் செய்தவர்கள், பத்துக்குள் இருக்க வேண்டிய அளவில் காந்திக்கு அணுகுண்டு ஆசை 12 என்று வேண்டுமென்றே தமாஷுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் பழைய கதையும் நிஜம்தான் என்று நம்பினார்கள்.

எட்டு பிட் கணக்கு சரி. அந்தக் கணக்கு சரியாக இருந்ததால்தான் கதையும் சரியென்று நம்பினேன். இல்லாத ஒன்றை, அதைச் செய்தவரே இல்லை என்று சொன்ன ஒன்றை, நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்!

முப்பது சண்டை

மறுநாள் சாயங்காலம் அறையில் மெக்கானிக்கல்காரன் கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய குதிரைப்படையை ஒரு சாதாரணக் காலாள் வீரன் வீழ்த்திவிட்டான். "கம்ப்யூட்டர் ஏமாத்துதுடா! ரெண்டு மடங்கு பலம் எனக்கு. எப்பப் பாத்தாலும் நாந்தான் தோக்கறேன்!"

இது பழைய புகார். 1991-இல் வந்த ஆட்டத்தில் ஈட்டிக்காரன் போர்க்கப்பலையே வீழ்த்திவிடுவான் என்று உலகமே புலம்பியிருக்கிறது. வழக்கம்போல நான் அதைச் சொல்லி ஒத்து ஊதியிருப்பேன். ஆனால் அன்று என் வாயில் வேறு கேள்வி வந்தது. "எண்ணிப் பாத்தியாடா?"

அவன் முறைத்தான். இ.இ.ஈ.காரன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எண்ணிப் பாத்துடுவோம்" என்றான்.

ஃப்ரீசிவ்வில் எடிட் செய்யும் வசதி உண்டு. வேண்டிய இடத்தில் வேண்டிய படையை நிறுத்தலாம். சுவர், குன்று, ஆறு எதுவும் இல்லாத வெறும் புல்வெளியில் குதிரைவீரனை ஒரு பக்கம், காலாளை ஒரு பக்கம் நிறுத்தினோம். குதிரைவீரனின் தாக்கும் பலம் 2. காலாளின் தடுக்கும் பலம் 1. நான் நோட்டில் கோடு போட, மெக்கானிக்கல்காரன் தாக்க, முப்பது சண்டை நடத்தினோம். நிஜமாகவே முப்பது. ஒன்றுகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குதிரை ஜெயித்தது 27. தோற்றது 3.

இ.இ.ஈ.காரன் கால்குலேட்டரை எடுத்தான். பலம் 2-க்கு 1 என்றால், ஒவ்வொரு அடியும் மூன்றில் இரண்டு பங்கு குதிரைக்காரனுக்குச் சாதகம். சண்டை ஒரே அடியில் முடிந்தால் மூன்று தடவையில் ஒரு தடவை இளைத்தவன் ஜெயித்துவிடுவான். முதல் பாகத்தில் ஏறத்தாழ அப்படித்தான், அதனால்தான் அத்தனை புலம்பல். 1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு படைக்கும் உயிர்ப்புள்ளி கொடுத்தார்கள். ஃப்ரீசிவ்விலும் அதே முறை. குதிரைவீரனுக்கும் காலாளுக்கும் பத்துப் பத்து. பத்து அடி முதலில் வாங்குகிறவன்தான் சாவான். ஒரு அடியில் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம், பத்து அடியிலும் கொடுக்குமா? கணக்குப் போட்டால் வலியவன் நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் ஜெயிக்க வேண்டும். எங்கள் நோட்டும் அதற்குப் பக்கத்தில்தான் வந்திருந்தது.

மெக்கானிக்கல்காரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் தோத்தது?" என்றான்.

"தோத்தது நெஜந்தான். அந்த மூணுல ஒண்ணு. ஜெயிச்ச 27-ஐ நீ ஞாபகம் வெச்சுக்கலை, அவ்வளவுதான்."

"அது சரி, தலைநகரத்துல சுவர் கட்டலையே, அதுக்கு என்ன சொல்றே?" என்று சிவில்காரன் நடுவில் புகுந்தான். எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்கு மட்டும் சிரிப்பு முழுசாக வரவில்லை. இவன் கோபத்தில் எண்ணாமல் சொன்னான். நான் கைதட்டலுக்காக, பார்க்காததைப் பார்த்தேன் என்றேன். இரண்டில் எது பெரிய ஏமாற்று?

ஐந்து நிமிஷம்

இரண்டு நாள் யோசித்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பேனாவை மேஜையில் வைத்தேன். மார்க்கைக் குறைத்தாலும் பரவாயில்லை என்றேன். அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் குறைக்காமல் விட்டால் தேவலை என்றும் இருந்தது.

சார் திட்டவில்லை. மேஜை மேல் திருத்துவதற்காக அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டுகளைக் காட்டினார். "இதுல எத்தனை ரீடிங் நெஜம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? மாடல் கிராஃபை மொதல்ல போட்டுட்டு அது மேலேயே புள்ளி வெக்கிறீங்க. ஒரு புள்ளிகூட வெலகாது. இருபது வருஷமா பாக்கறேன், நெஜமான டையோடு அவ்வளவு ஒழுங்கா நடந்துக்காதுப்பா" என்றார். பிறகு, "பேனாவை நான் என்ன பண்றது? நீயே வெச்சுக்கோ. அடுத்த கூட்டத்துல அஞ்சு நிமிஷம் தர்றேன். எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லு. மார்க்கை அப்புறம் பாக்கலாம். மலருக்கும் எழுதிக் குடு" என்றார்.

அந்த ஐந்து நிமிஷம் முப்பது நிமிஷ செமினாரைவிட நீளம். கதை பொய் என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். 'நான் பார்த்ததாகச் சொன்னதும் பொய்' என்றபோது ஹால் அமைதியானது. ஒருத்தன் விசில் அடித்தான். கைதட்டல் இல்லை. என் காது சுட்டது. மார்க்கில் இரண்டு குறைந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்த ஜூனியர் பெண் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. கோபமாக ஏதாவது சொல்லும் என்று நினைத்தேன். "அண்ணா, அந்த ஒண்ணுல ரெண்டு போனா 255-ங்கிற கணக்கை அன்னைக்கே லேப்ல கிட்ல போட்டுப் பாத்தேன். மொதல்ல எஃப்.இ. வந்துச்சு. கேரியை க்ளியர் பண்ண மறந்துட்டேன். திரும்பப் போட்டேன், எஃப்.எஃப். வந்துச்சு. அது மட்டும் சரிதாண்ணா" என்றது.

அன்று அது நோட்டில் எழுதிக்கொண்டது என் இரண்டு தடவையை அல்ல, கழித்தல் கணக்கை! நாற்பது பேர் கைதட்டிய செமினாரில், ஒரே ஒரு ஆள் லேபுக்குப் போய்ச் சரிபார்த்திருக்கிறது. அந்தப் பரிசுப் பேனா யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது என் அபிப்பிராயம்

அதற்குப் பிறகு மந்திரி பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். அண்ணன் லேப்டாப்பை மெக்கானிக்கல்காரனிடமிருந்து மீட்டு, இந்த மலருக்கு எழுதும் நாள்வரை ஃப்ரீசிவ்வில் பதினோரு ஆட்டம் முழுசாக ஆடியிருக்கிறேன். ஜெயித்தது மூன்று. இப்போது யாராவது கேட்டால் என்னிடம் அபிப்பிராயம் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவும் என் சொந்தச் சரக்கு.

ஒன்று: ஆரம்பத்தில் ஊர் வைக்கச் சிறந்த இடம் தேடாதீர்கள். சுமாரான இடத்தில் சீக்கிரம் வையுங்கள். நான் பத்து டர்ன் அலைந்த ஆட்டம் எல்லாம் தோல்வி. (சிவில்காரன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஆடித்தான் சொல்கிறான், ஆகவே மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறேன்.)

இரண்டு: மக்கள் சந்தோஷத்தைக் கவனியுங்கள். வருத்தத்தில் இருப்பவர்கள் சந்தோஷத்தில் இருப்பவர்களைவிடக் கூடிவிட்டால் ஊரில் கலகம், உற்பத்தி நின்றுவிடும். என் தலைநகரமே மூன்று டர்ன் முடங்கிக் கிடந்தது. பெரிய ராணுவம் இருந்தும் ஒரு கோயில் கட்டாமல் விட்ட வினை.

மூன்று: 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' என்று சொன்னால் உங்களையே நம்பாதீர்கள். ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அந்த ஒரே ஒரு டர்ன் சொல்லி நான் எழுந்தது 1 மணி 40 நிமிஷம் கழித்து. மறுநாள் யூனிட் டெஸ்ட். விளைவை இங்கே எழுதவில்லை, எங்கள் துறை நோட்டீஸ் போர்டில் இருந்தது.

ஏழாம் பாகம் எப்படி என்று கேட்காதீர்கள். நான் ஆடவில்லை. சோழர்கள் அதில் இருக்கிறார்கள் என்பது சந்தோஷம். ஆட்டம் நல்லதா கெட்டதா என்பது வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, ஒரு நல்ல லேப்டாப் வாங்கின பிறகு சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, நாம் இங்கிருந்து போய் நிற்கப்போவது மிஷின் முன்னால், மீட்டர் முன்னால், கட்டடத்தின் முன்னால். 'இந்த லைனில் கரன்ட் இல்லையே, செக் பண்ணியா?' என்று ஒருத்தர் கேட்பார். 'பண்ணிட்டேன் சார்' என்று நாம் சொல்வதை நம்பி இன்னொருத்தர் கையை வைப்பார். அங்கே மாடல் கிராஃப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த செமினாரில் பின்வரிசையிலிருந்து யாராவது, "பார்த்தீங்களா?" என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். பார்த்திருந்தால் பார்த்தேன் என்று சொல்லுங்கள். பார்க்கவில்லையென்றால், "இல்லை, வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பாத்துடலாம்" என்று சொல்லிவிடுங்கள். லேப் நாலரை மணிவரை திறந்துதான் இருக்கும்.

இறுதியாண்டு, மின்னணுவியல் துறை